முட்டியது யார், இடம் யாருடையது?

“சார், நான் நின்னுட்டுதானே சார் இருந்தேன்?”

புதுச்சேரியில் ஒரு பள்ளிக் கூடைப்பந்துப் போட்டி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, 12 வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. எதிரணிப் பெண் பந்தைத் தட்டியபடி வேகமாக வந்து இவள்மேல் மோதி, சிமெண்ட் தரையில் விழுந்தாள். முட்டி சிராய்த்து ரத்தம் எட்டிப் பார்த்தது. நான் விசில் ஊதி, விழாமல் நின்றவள்மேல் ஃபவுல் கொடுத்தேன். அது அவளுக்கு ஐந்தாவது. கூடைப்பந்தில் ஐந்து ஃபவுல் ஆகிவிட்டால் அந்த ஆட்டத்தில் அதற்குமேல் ஆட முடியாது. பெஞ்சுக்குப் போகிற வழியில், அழாமல், நிதானமாகக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் நின்றாளா நகர்ந்தாளா என்பதை நான் பார்க்கவே இல்லை. முதலில் பந்தைப் பார்த்தேன், அப்புறம் விழுந்தவளைப் பார்த்தேன். நடுவில் நடந்ததை ஊகித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

விசில் எடுத்த முதல் வருடங்களில் நடந்தது அது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடலூர் அண்ணா விளையாட்டரங்கமோ, புதுச்சேரி உப்பளம் மைதானமோ, சிறுவர்கள் கூடைப்பந்து ஆடும் எந்த இடத்துக்குப் போனாலும் ஓரத்திலிருந்து ஒரே சத்தம்தான் கேட்கும்: “தொட்டுட்டான் சார்! ஃபவுல் சார்!” தொட்டாலே ஃபவுல் என்பது பெற்றோர் பலரின் நம்பிக்கை. பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த நம்பிக்கை வெறும் தவறு இல்லை, அதற்கு ஒரு வேர் இருக்கிறது.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, குளிர்காலத்தில் கூரைக்குள் ஆட ஒரு விளையாட்டு அவருக்குத் தேவைப்பட்டது. கால்பந்து, ரக்பி மாதிரி ஆட்டங்களைக் கூரைக்குள் கொண்டுவந்தால் கை கால் உடையும். ஆட்கள் ஏன் ஒருவரை ஒருவர் இழுத்துத் தள்ளுகிறார்கள் என்று யோசித்தார். பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதால்தான். அதனால் பந்தோடு ஓடக் கூடாது என்றார். கூடையை 10 அடி உயரத்தில் மாட்டியதால் வலுவாக வீசுவதில் பயனில்லை, குறி பார்த்து மெல்லப் போட வேண்டியதாயிற்று. அவர் எழுதிய 13 விதிகளில் ஐந்தாவது, தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, தடுக்கி விழச் செய்வது, அடிப்பது எதுவும் கூடாது என்கிறது. முதல் தடவை ஃபவுல். இரண்டாம் தடவை என்றால் அடுத்த கூடை விழும்வரை வெளியே. 1920இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்த ஒரு சாரிடம்தான் நான் இந்த விதியை முதலில் கேட்டேன். ஆக, உடல் படக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த ஆட்டம்தான் இது.

ஆனால் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலமுள்ள கோர்ட்டில் பத்துப் பேர் ஓடுகிறார்கள். பத்துப் பேருக்கும் வேண்டிய இடம் ஒரே வளையத்துக்குக் கீழே இருக்கிறது. படாமல் எப்படி ஆடுவது? அதனால் விதிப்புத்தகம் பட்டதா என்பதோடு நிற்பதில்லை. இடம் யாருடையது, பட்டதால் யாருக்கு என்ன போனது என்ற இரண்டு கேள்விகளை வைக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கொஞ்சம் குழப்பம். கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் கபடி ஆடி வளர்ந்த பையனுக்கு உடல் படுவதுதான் ஆட்டமே. தொடையைப் பிடித்து மடக்கினால் கைதட்டு வாங்கியவன், கூடைப்பந்தில் இடுப்பில் கை வைத்தாலே விசில் என்றதும் திகைத்துப்போகிறான். அவனிடம் முரட்டுத்தனம் எதுவும் இல்லை. வேறு ஒரு நல்ல ஆட்டத்தின் பழக்கத்தோடு வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

சரி, இடம் யாருடையது?

ஒவ்வோர் ஆட்டக்காரரைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருளை இருப்பதாக உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி சொல்கிறது. முன்பக்கம் உள்ளங்கை வரை, பின்பக்கம் பிட்டம் வரை, இரு பக்கமும் கை கால்களின் வெளி ஓரம் வரை. முன்னால் நீட்டும் கை, பாதமும் முட்டியும் இருக்கும் அளவைத் தாண்டக் கூடாது, முழங்கை மடங்கியிருக்க வேண்டும். அந்த உருளை தரையிலிருந்து நேர் மேலே போகிறது. அதற்குள் நிற்கலாம், கையைத் தூக்கலாம், நேராகக் குதிக்கலாம். யாராவது வந்து அதில் மோதினால் பொறுப்பு மோதியவருடையது. இவர் கையையோ காலையோ இடுப்பையோ அந்த உருளைக்கு வெளியே நீட்டி, அதில் ஒருவர் பட்டால் பொறுப்பு இவருடையது.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல நான் பஸ்ஸைத்தான் இழுப்பேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதைப் பார்த்திருக்கிறாய் இல்லையா? கூடைப்பந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்க முடியாது. கையை நீட்டி ‘இது என் இடம்’ என்பதும், காலைக் குறுக்கே வைத்து வழியை மறிப்பதும் துண்டு போடுவதுதான். ஆள் வந்து உட்கார்ந்தால்தான் சீட். அதாவது எதிராளியைப் பார்த்த முகமாக, இரண்டு காலும் தரையில் இருக்க, உன் உடம்பு அங்கே முதலில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். வந்து சேர்ந்துவிட்டால் அந்த இடம் உன்னுடையது. பெரிய பையன் வந்தாலும் எழுந்திருக்க வேண்டியதில்லை. இதைச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் பிடிபட்டுவிடுகிறது.

இதில் நிறையப் பேர், கோச்சுகள் உட்பட, தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்று உண்டு. தடுப்பவர் சிலை மாதிரி நின்றால்தான் சார்ஜிங் (மோதி வந்தவரின் ஃபவுல்), கொஞ்சம் அசைந்தாலும் பிளாக்கிங் (தடுப்பவரின் ஃபவுல்) என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு காலும் ஊன்றி, முகம் பார்த்து, சரியான நிலையை ஒருமுறை அடைந்துவிட்டால், அதைக் காப்பாற்றப் பக்கவாட்டில் நகரலாம், பின்னால் போகலாம். மோதும் நேரத்தில் கால் அசைந்துகொண்டிருந்தது என்பதால் மட்டும் ஃபவுல் ஆகாது. பந்தோடு வருபவரின் வழியில் முதலில் போய்ச் சேர்ந்து, மோதல் நெஞ்சில் விழுந்தால் அது பெரும்பாலும் பந்தோடு வந்தவரின் ஃபவுல்தான். தோளிலோ இடுப்போரத்திலோ விழுந்தால், தடுப்பவர் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

எவ்வளவு தூரம் விட்டு வழி மறிக்க வேண்டும் என்பது, எதிராளியிடம் பந்து இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பந்து வைத்திருப்பவர் எந்த நொடியும் யாராவது குறுக்கே வரலாம் என்று எதிர்பார்த்துத்தான் ஆட வேண்டும். அங்கே தூரக் கணக்கு கிடையாது. பந்து இல்லாமல் ஓடுபவருக்கு நிற்கவோ திரும்பவோ இடம் விட வேண்டும். அவர் வேகத்தைப் பொறுத்து ஓர் அடிக்குக் குறையாமல், இரண்டு அடிக்கு மேல் போகாமல். அளவுகோல் அடி இல்லை, நடையின் அடி. காற்றில் இருப்பவருக்கு வேறு கணக்கு. அவர் காலைத் தரையிலிருந்து எடுத்த பிறகு யாரும் அவர் வழிக்குள் வரக் கூடாது. வளையத்துக்கு நேர் கீழே 1.25 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைவட்டம் உண்டு. பந்தோடு காற்றில் வருபவர் அதற்குள் நிற்கும் தடுப்பவர்மேல் மோதினால், கையையோ காலையோ உடம்பையோ முறைகேடாகப் பயன்படுத்தினால் ஒழிய, சார்ஜிங் கொடுப்பதில்லை. நம் பள்ளிக் கோர்ட்டுகள் பலவற்றில் அந்தக் கோடே வரைந்திருக்காது. போட்டிக்கு முன்னால் சுண்ணாம்பிலாவது வரையச் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுதான் கடினமானது, இதுதான் பிடித்ததும்.

ஒரு காட்சி. 16 வயதுப் பையன் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறான். தடுப்பவனின் விரல்கள் அவன் இடுப்பில் ஒரு கணம் படுகின்றன. அவன் நடை மாறவில்லை, தோள் சாயவில்லை, இரண்டே எட்டில் தாண்டிப் போய், வளையத்துக்குப் பக்கத்தில் எழும்பி லே அப் போடுகிறான். அங்கே விசில் ஊதினால் யாருக்கு லாபம்? இன்னும் எறியவே தொடங்காதவனிடமிருந்து ஒரு கூடையைப் பிடுங்கிக்கொண்டு, கோட்டுக்கு வெளியிலிருந்து வீசும் பந்தைக் கையில் கொடுக்கிறோம். தவறு செய்தவனுக்குப் பரிசு கொடுத்த மாதிரி. இப்போது அதே விரல்கள், அதே அழுத்தம், ஆனால் பந்தைத் தட்டுவது போன வருடம்தான் ஆடத் தொடங்கிய 11 வயதுப் பெண். அவள் பார்வை பந்திலிருந்து மேலே வருவதே கஷ்டம். இடுப்பில் கை பட்டதும் அவள் அடி ஒன்று பக்கவாட்டில் போகிறது, பந்து காலில் பட்டு வெளியே உருள்கிறது. இது ஃபவுல். அழுத்தம் ஒன்றுதான், விளைவு வேறு.

அமெரிக்க நடுவர்கள் இதற்கு நான்கு சொல் வைத்திருக்கிறார்கள்: தாளம், வேகம், சமநிலை, சுறுசுறுப்பு. பட்டதால் இந்த நான்கில் ஏதாவது ஒன்று கெட்டதா என்று பார் என்பார்கள். ஃபிபா விதியும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. பட்டதால் ஒருவருக்கு அனுகூலமோ மற்றவருக்குப் பாதகமோ ஆகவில்லை என்றால் ஆட்டத்தை வீணாக நிறுத்த வேண்டாம், ஆடுபவர்களின் திறனைக் கணக்கில் எடுத்துக்கொள், பொது அறிவைப் பயன்படுத்து என்கிறது. திறனைக் கணக்கில் எடு என்ற அந்த ஒரு வரிக்காகவே சிறுவர் போட்டிக்கு விசில் ஊதுபவர்கள் விதிப்புத்தகத்தை வாங்கிப் படிக்கலாம். டிவியில் பெரியவர்கள் ஆட்டத்தில் விட்டுவிடுவதை எல்லாம் இங்கேயும் விட்டுவிட்டால், பந்து பழகும் பிள்ளை பழகாமலே போய்விடும். கைவைத்துத் தள்ளத் தெரிந்தவன் ஜெயிப்பான்.

இதற்கு அரை நொடி வேண்டும். பட்டதும் ஊதாமல், அடுத்து என்ன ஆகிறது என்று பார்க்கும் அரை நொடி. ஓரத்தில் இருப்பவர்களுக்கு அது நடுவர் தூங்குகிற மாதிரி தெரியும். “லேட் விசில்!” என்று கத்துவார்கள். கத்தட்டும். பந்து வளையத்தில் விழுகிறதா, எறிந்தவன் கை தட்டப்பட்டதால்தான் வழுக்கியதா என்று பார்த்துவிட்டு ஊதுவது தாமதம் இல்லை.

அரை நொடி கூடப் பொறுக்கக் கூடாத இடமும் உண்டு. குதித்து எறிந்தவன் இறங்கும் இடத்தில் தன் காலை வைப்பது. குதித்தவனுக்கு, குதித்த இடத்திலேயே இறங்கும் உரிமை இருக்கிறது. கீழே இன்னொருவன் பாதம் இருந்தால் கணுக்கால் பிசகும். மரத்தரையில் ஆடும் இண்டோர் அரங்கத்துக்கும் நம் வெளி மைதானத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். வெயிலில் காய்ந்த சிமெண்ட், அதன்மேல் கடற்காற்று கொண்டுவந்து போட்ட பொடி மணல். தேய்ந்துபோன கேன்வாஸ் ஷூவோடு அதில் சாய்ந்து இறங்கினால் உள்ளங்கையும் முட்டியும் முகவாயும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காற்றில் இருப்பவனுக்குக் கீழே நகர்ந்து போய் மோதுவதைப் பொதுவாக அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல் (சாதாரண ஃபவுலைவிடக் கடுமையானது) என்றும், மோசமாக இருந்தால் வெளியேற்றலாம் என்றும் விதி சொல்கிறது. பையன் வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்கே தெரிந்தாலும் ஃபவுலை விடமாட்டேன். ஒரு தடவை விட்டால் மறுபடி நடக்கும்.

சிறுவர் ஆட்டத்தில் வளையத்தின் உயரம் ஃபவுல் எண்ணிக்கையைக் கூட்டுகிறது என்பது பலருக்குத் தோன்றாத விஷயம். 12 வயதுக்குட்பட்டோர் ஆடும் மினி கூடைப்பந்துக்கு வளையம் 2.60 மீட்டரில் இருக்க வேண்டும், பந்து 5ஆம் எண். நம்மிடம் பந்து கிடைத்துவிடும். கம்பத்தை இறக்க வழி இருக்காது. அதனால் பத்து வயதுப் பிள்ளை 3.05 மீட்டர் வளையத்துக்கு எறிகிறது. நெற்றிக்கு மேலிருந்து எறிந்தால் எட்டாது. எனவே பந்தை இடுப்புக்குக் கீழே இறக்கி, முட்டியை மடக்கி, இரு கையாலும் உந்தி எறியும். பந்து இடுப்பளவில் இருப்பதால் தடுக்கும் பிள்ளை மேலிருந்து கீழே அடிக்கிறது. பந்தில் பாதி, மணிக்கட்டில் பாதி. இப்படி ஓர் ஆட்டத்தில் பத்து தடவை பார்க்கலாம். அந்த அடியை எல்லாம் ஊத வேண்டியதுதான், வேறு வழியில்லை. ஆனால் அடித்த பிள்ளையை மட்டும் குறை சொல்லாமல், கோச்சிடம் போய், கையை மேலே நீட்டி நிற்கப் பழக்குங்கள், கீழே வெட்டப் பழக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதும் நடுவர் வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

உயரமான பிள்ளைகளுக்கு நடக்கும் அநியாயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ரீபவுண்டில், அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தை எடுக்கும்போது, நெட்டையான பெண் ஒருத்தி, முன்னால் நிற்பவளின் தலைக்கு மேலாகக் கையை நீட்டிப் பந்தை எடுப்பாள். உடம்பு படவே இல்லை. “மேல ஏறிட்டா சார்!” என்று ஓரம் முழுக்க எழுந்து நிற்கும். உயரமாக இருப்பது ஃபவுல் இல்லை. முதுகில் சாய்ந்து, முன்னால் நிற்பவளை அவள் இடத்திலிருந்து நகர்த்தினால்தான் ஃபவுல். முன்னால் நிற்பவள் தன் இடுப்பால் பின்னவளைத் தள்ளி வெளியேற்றினாலும் அதே ஃபவுல்தான், அதை யாரும் கவனிப்பதில்லை.

இத்தனையும் பார்க்க வேண்டும் என்றால் எங்கே நிற்பது? பெரும்பாலான சிறுவர் ஆட்டங்களில் இரண்டு நடுவர்தான். ஒருவர் வளையத்துக்குப் பின்னால் கடைக்கோட்டில், மற்றவர் ஆட்டத்துக்குப் பின்னால். முதலில் சொல்லப்பட்டவருக்குப் பல பள்ளிகளில் நிற்கவே இடமில்லை. கோட்டுக்கு இரண்டடி பின்னால் காம்பவுண்டு சுவரோ வேப்பமரமோ இருக்கும். அங்கே சிக்கிக்கொண்டால் நேர் எதிரே ஒருவர் முதுகுதான் தெரியும். முதுகைப் பார்த்து ஃபவுல் சொல்ல முடியாது. இருவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். அந்த இடைவெளியைப் பார்த்தபடி ஓரடி இப்படியோ அப்படியோ நகர்ந்து, மோதும் நேரத்தில் அசையாமல் நின்று பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டே பார்த்தால் எல்லாமே மோதல் மாதிரிதான் தெரியும். அப்புறம், பார்க்க வேண்டியது பந்தோடு வருபவனை இல்லை, தடுப்பவனை. பந்தோடு வருபவன் எங்கே போகிறான் என்பது எப்படியும் தெரிந்துவிடும். தடுப்பவன் எப்போது வந்தான், கால் எங்கே ஊன்றினான், நெஞ்சு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை முன்னாலேயே பார்த்து வைத்திருந்தால், மோதல் நடக்கும்போது பாதித் தீர்ப்பு கையில் இருக்கும்.

விழுந்தவர் பக்கம் மனம் போவது இயல்பு. சின்னப் பிள்ளை, ரத்தம் வேறு. ஆனால் விழுவது எதற்கும் சாட்சி இல்லை. ஒல்லியான பையன் தானே கால் தடுக்கி விழுவான். கனமான பையனை நியாயமில்லாமல் இடித்தாலும் அவன் அசையாமல் நிற்பான், அவனுக்குச் சாதகமாக ஃபவுல் கிடைக்காது. இன்னும் சிலர் லேசாகப் பட்டதும் “ஆ!” என்று கத்திக்கொண்டு தலையைப் பின்னால் எறிவார்கள். டிவியில் பார்த்துப் பழகியது. அப்படி நடித்தால் டெக்னிக்கல் ஃபவுல் (மோதலுக்கு இல்லை, நடத்தைக்குக் கொடுப்பது) வரைக்கும் போகலாம் என்று ஆட்டத்துக்கு முன்பே நான் சொல்லிவிடுவேன்.

ஃபவுல் எண்ணிக்கையை வைத்து நடுவரை எடைபோடுவது இன்னொரு பழக்கம். “எங்களுக்கு ஏழு, அவங்களுக்கு ரெண்டா?” என்று கேட்பார்கள். ஒரு கால்பகுதியில் ஓர் அணி நான்கு ஃபவுல் செய்தபின், ஐந்தாவதிலிருந்து தடுப்பில் செய்யும் ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் வளையத்துக்கு எறியும் வாய்ப்பு) என்பதால் இந்தக் கோபம் புரிகிறது. ஆனால் கோர்ட் முழுக்கத் துரத்தித் துரத்தித் தடுக்கும் அணியும், பின்னால் போய் நின்று தடுக்கும் அணியும் ஒரே எண்ணிக்கையில் ஃபவுல் செய்யாது. சமமாக்க வேண்டும் என்று நடுவர் நினைத்த நொடியில் கெட்டிக்காரத்தனமாக ஆடும் அணிக்குத் தண்டனை தொடங்கிவிடும்.

நான் சமமாக்கப் பார்ப்பது பேச்சை மட்டும்தான். முதல் ஐந்து நிமிடம் இரு பக்கத்துக்கும் பேசிக்கொண்டே ஓடுவேன். “கை எடு, கை எடு”, “நேரா குதி”, “நகராம நில்லுப்பா”. ஊத வேண்டிய ஃபவுலில் பாதி இப்படியே நடக்காமல் போகும். ஊதினால் முஷ்டியை உயர்த்துவதோடு விடாமல், ஸ்கோர் எழுதும் டேபிளுக்குப் போகும் வழியில் அந்தப் பிள்ளையிடம் நாலு வார்த்தையில் காரணம் சொல்வேன்: “கை கீழே வந்துச்சு”, “இடுப்பு வெளியே போச்சு”. பெரியவர்கள் ஆட்டத்தில் இது தேவையில்லை. பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாத விசில் வெறும் சத்தம்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அவள் முகம் பார்த்து, இரண்டு காலும் ஊன்றி, எதிராளி மேலே எழும்புவதற்கு முன்பே அங்கே இருந்திருந்தால், மோதல் அவள் நெஞ்சில் விழுந்திருந்தால், ஃபவுல் மோதியவளுடையது. சார்ஜிங். பந்து மோதியவளின் அணியிடம் இருந்ததால் ஃப்ரீ த்ரோ யாருக்கும் கிடையாது, பந்து மட்டும் கைமாறி, மோதல் நடந்த இடத்துக்கு அருகில் உள்ள கோட்டுக்கு வெளியிலிருந்து இவள் அணி ஆட்டத்தைத் தொடங்கியிருக்கும். டேபிளில் இவள் பெயருக்கு எதிரே நான்கு ஃபவுல்தான் இருந்திருக்கும். மீதி இருந்த இரண்டு நிமிடத்தையும் அவள் ஆடியிருப்பாள்.